பெட்டியில் படம், கையில் ஒற்றை சிகரெட்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியிலோ செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியிலோ ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன் சற்று நேரம் நின்று பாருங்கள். சிகரெட்டை முழுப் பெட்டியாக வாங்குகிறவர்கள் குறைவு. "ஒண்ணு குடுங்கண்ணே" என்றதும் கடைக்காரர் பிரித்து வைத்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவித் தருவார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு வாங்கியவர் நகர்ந்துவிடுவார். பெட்டி மேல் அச்சிட்ட புற்றுநோய்ப் படம் கடைக்காரரிடமே தங்கிவிடும்.

அந்தப் படத்துக்காகத்தான் டெல்லியில் வருடக்கணக்கில் இழுபறி நடந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது 2003-ல். அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2006-ல், பட எச்சரிக்கைக்கான விதிகள் வந்தன. தொழில் தரப்பின் எதிர்ப்பில் தேதி தள்ளிக்கொண்டே போனது. அமைச்சர்கள் குழு கூடிக் கூடிப் பேசியது. மண்டையோட்டுப் படம் கட்டாயம் என்பதை 2007 திருத்தம் நீக்கியது. ஒருவழியாக 2009 மே 31-ல், பெட்டியின் முன்பக்கத்தில் 40 சதவீத அளவுக்குப் படம் வந்தது.

அதை 85 சதவீதமாக்கும் அறிவிப்பு 2014 அக்டோபரில் வெளியானது. அப்போதும் அதே கதைதான். பரிசீலித்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வரும் என்பதற்கு இந்திய ஆய்வே இல்லை என்றார். குழு உறுப்பினர் ஷ்யாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர். ஆனால் சென்னையிலும் விழுப்புரத்திலும் 43,000 ஆண்களின் இறப்பைப் புகைப்பழக்கத்தோடு ஒப்பிட்டு அலசிய ஆய்வு, 2003-லேயே 'லான்செட்' இதழில் வந்திருந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்து ஊர்களில் நடந்த ஆய்வு அந்தக் குழுவின் காதுக்கு எட்டவில்லை. 50 சதவீதம் போதும் என்று குழு பரிந்துரைத்தும், 2016 ஏப்ரல் 1-ல் 85 சதவீதம் அமலுக்கு வந்தது. குழப்பம் தீரவில்லை என்று பெரிய சிகரெட் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்திப் பார்த்தன. அரசு அசையவில்லை.

யாரிடம் கேட்பது?

உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் இந்தியா 2004-ல் இணைந்தது. அதன் 5.3-ஆவது பிரிவு, கொள்கை வகுப்பதைப் புகையிலைத் தொழிலின் சுயநலத்திலிருந்து காக்கச் சொல்கிறது. கம்பெனியைச் சந்திக்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். தவிர்க்க முடியாதபோது மட்டும் சந்திக்க வேண்டும். அதையும் ஊரறியச் செய்ய வேண்டும்.

இந்த வரம்பு ஏன் தேவை என்பது 2020 இறுதியில் வெளியான புகையிலைச் சட்டத் திருத்த வரைவைப் பார்த்தால் புரியும். சில்லறையாக ஒற்றை சிகரெட் விற்கத் தடை, வாங்கும் வயது 18-லிருந்து 21, விடுதிகளில் புகைபிடிக்கும் இடம் ரத்து. மூன்றும் மாமல்லபுரம் கடற்கரையைத் தொடுபவை. 30 அறை கொண்ட விடுதியும் 30 பேர் அமரும் உணவகமும் புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம் என்று 2003 சட்டம் சலுகை தந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெரிய விடுதிகளுக்கு அது பொருந்தும். பொதுமக்கள் கருத்துக்கு 2021 ஜனவரி 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். எதிர்ப்பில் உரக்க ஒலித்தது 'சிறு வியாபாரியின் பிழைப்பு' என்ற வாதம். வரைவு சட்டமாகாமலே நின்றுபோனது.

பிழைப்புக் கவலை பொய்யில்லை. சிகரெட் வாங்க வருகிறவர்தான் டீயும் மிட்டாயும் தண்ணீர் பாட்டிலும் வாங்குகிறார். ஆனால் சிறு வியாபாரியின் பெயரைச் சொன்னால் கம்பெனிக்கும் லாபம். ஒற்றை விற்பனை நின்றால், முழுப் பெட்டிக்குக் காசில்லாத கல்லூரி மாணவர் கைநழுவிப் போவார். புது வாடிக்கையாளரைக் கம்பெனி பிடிப்பதே அந்த வயதில்தான்.

ஆகவே இரண்டு கலந்தாலோசனைகள் வேண்டும். கம்பெனியிடம் கேட்க வேண்டியது, புதுப் பெட்டி அச்சிட எத்தனை மாதம் ஆகும் என்பது மட்டுமே. அந்தக் கூட்டக் குறிப்பையும் வெளியிட வேண்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: ஒற்றை சிகரெட் போனால் நாள் வரும்படியில் எவ்வளவு குறையும்? அந்த இடத்தில் எதை விற்பீர்கள்? அதற்கு என்ன கடன், என்ன உதவி வேண்டும்? இதைக் கேட்க டெல்லி போக வேண்டாம், செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகமே போதும்.