‘போனால்’ என்ற ஒரு சொல்லும் ஆங்கிலத்தின் மூன்று படிகளும்

அமெரிக்காவில் புகலிடம் கோரும் எம்மவர்கள் நிரப்புகின்ற ஐ-589 படிவத்தில் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால் தீங்கு நேரும் என்று அஞ்சுகிறீர்களா என்பதே அது. நெவார்க், சான் பிரான்சிஸ்கோ, ஹூஸ்டன் புகலிட அலுவலகங்களில் நடக்கும் நேர்முகத்திலும் இதே கேள்வி பல வடிவங்களில் வரும். ஆங்கிலத்தில் அது ‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்த இலக்கணம், இங்கே ஒரு குடும்பத்தின் தலைவிதியோடு சம்பந்தப்பட்டுவிடுகிறது. ஆகவே அதை ஆறுதலாக ஒருமுறை பார்ப்போம்.

நிபந்தனை தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் சொல்லும் வினையெச்ச வாய்பாடுகளில் ‘செயின்’ என்பதும் ஒன்று. இன்று நாம் அதைச் ‘செய்தால்’ என்கிறோம். போனால், வந்தால், சொன்னால் என்ற சொற்களைக் கவனியுங்கள். நாளை நடக்கப்போவதைப் பற்றிப் பேசினாலும், அவற்றுக்குள்ளே இருப்பது போன, வந்த, சொன்ன என்ற இறந்தகால வடிவம். நடக்காத ஒன்றைச் சொல்ல இறந்தகாலத்தைக் கடன் வாங்குவது எமது மொழியின் பழக்கமும்தான். ஆங்கிலம் அதே வேலையைச் செய்யும்போது நாம் மிரளத் தேவையில்லை.

வேறுபாடு ஒன்று உண்டு. ‘நாளை கடைக்குப் போனால்’ என்பதற்கும், ‘நான் சந்திரனுக்குப் போனால்’ என்பதற்கும் தமிழில் ஒரே ‘போனால்’ போதும். எது நடக்கக்கூடியது, எது வெறும் கற்பனை என்பதைக் கேட்பவர் இடம் பார்த்து விளங்கிக்கொள்வார். ஆங்கிலம் அதை வினைச்சொல்லிலேயே காட்டுகிறது.

முதற்படி, நடக்கக்கூடியது. ‘இஃப் ஐ கோ, தே வில் அரெஸ்ட் மீ.’ போனால் கைது செய்வார்கள். ‘இஃப்’ இருக்கும் பாதியில் நிகழ்காலம், மறு பாதியில் ‘வில்’. பொதுவாக ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ வராது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிப் பிழை போய்விடும்.

இரண்டாம் படி, மனத்தில் வைத்துப் பார்ப்பது. ‘இஃப் ஐ வென்ட், தே வுட் அரெஸ்ட் மீ.’ ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆயிற்று, ‘வில்’ என்பது ‘வுட்’ ஆயிற்று. காலம் ஒரு படி பின்னே போனாலும், பேசுவது இனி வரப்போவதைப் பற்றித்தான். அதிகாரி ‘வுட்’ வைத்துக் கேட்டால் பழைய கதையைக் கேட்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாம் படி, நடக்காமல் போனது. ‘இஃப் ஐ ஹேட் ஸ்டேய்ட், தே வுட் ஹேவ் அரெஸ்டட் மீ.’ அங்கேயே இருந்திருந்தால் கைது செய்திருப்பார்கள். தமிழில் ‘இருந்திருந்தால்’, ‘செய்திருப்பார்கள்’ என்று சொல் நீள்வதைப் போலவே ஆங்கிலத்திலும் ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ என்று நீள்கிறது.

இந்த மூன்றாம் படியில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த வாக்கியத்தின் பொருள், நான் அங்கே இருக்கவில்லை, கைது செய்யப்படவும் இல்லை என்பது. உண்மையிலேயே பிடிக்கப்பட்டு, அடிக்கப்பட்டு வந்த ஒருவர் தடுமாறி இந்த வடிவத்தில் சொல்லிவிட்டால், தனக்கு நடந்த கொடுமையைத் தானே இல்லை என்று சொன்னதாகிவிடும். நடந்தது நடந்ததுதான். அதற்கு ‘இஃப்’ வேண்டாம். ‘தே அரெஸ்டட் மீ’ என்று நேராகச் சொல்ல வேண்டும்.

சட்டத்திலும் இதற்குப் பெறுமதி உண்டு. முன்பு துன்புறுத்தப்பட்டது நிறுவப்பட்டால், இனியும் அஞ்சக் காரணம் உண்டு என்று சட்டம் அனுமானிக்கிறது. அதை மறுக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்குப் போகிறது. மறுபக்கம், 2005ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டப்படி, கோரிக்கையின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டையும் நம்பகத்தன்மையை எடைபோடும்போது கணக்கில் எடுக்கலாம்.

இன்னொன்று. கட்டாயம் நடக்கும் என்று நிரூபித்தால்தான் புகலிடம் என்பதில்லை. 1987இல் கார்டோசா-ஃபொன்சேகா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்து வீத வாய்ப்புக்கூட நியாயமான அச்சத்துக்குப் போதுமாக இருக்கலாம் என்று விளக்கியது. ஆகவே நிச்சயமாகத் தெரிந்தால் ‘வில்’, நடக்கக்கூடும் என்றால் ‘குட்’. ‘கைது செய்வார்கள்’ என்பதும் ‘கைது செய்யக்கூடும்’ என்பதும் எமக்கு எப்படி வேறோ, அப்படித்தான் இதுவும். தெரிந்ததற்கு மேலே கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஆங்கிலம் போதாதென்றால் தமிழிலேயே பேசலாம். குடிவரவு நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரைத் தரும். புகலிட அலுவலக நேர்முகத்துக்கு 18 வயது நிரம்பிய ஒருவரை நாமே அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்குப் ‘போனால்’, ‘போயிருந்தால்’ இரண்டின் வேறுபாடும் ஆங்கிலத்தில் தெரிந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பேசிப் பார்ப்பது நல்லது. அவரவர் வழக்குக்குரிய ஆலோசனையை வழக்கறிஞரிடமே பெற வேண்டும்.

ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும் ‘இஃப்’ வந்து நிற்கும். சட்டம் வேண்டினால் அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்தச் சம்மதமா என்பது கேள்வி. போரிலிருந்து உயிர்தப்பி வந்த எம்மவர்கள் ‘ஆயுதம்’ என்ற சொல்லைக் கேட்டதும் திடுக்கிடுவது இயல்பு. ஆனால் இப்போதே ஆயுதம் எடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. ‘இஃப் த லோ ரிக்வயர்ஸ் இட்’ என்ற முன்பாதியைச் சேர்த்தே கேட்க வேண்டும். சமய நம்பிக்கை தடுக்குமானால் உறுதிமொழியின் அந்தப் பகுதியை விட்டுவிடக் கோரவும் வழியுண்டு. அதே படிவத்தில் ‘ஹேவ் யூ எவர்’ என்று தொடங்குபவை வேறு வகை. அவை நடந்ததைக் கேட்கின்றன. விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லும்படி அதிகாரியிடம் கேட்கலாம். அது குறையாகாது.

நியூ ஜேர்சியிலோ டெக்சாஸிலோ பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த மூன்று படியும் யோசிக்காமலே வாயில் வரும். அவர்களை ஒரு மாலை பக்கத்தில் இருத்தி, அம்மம்மாவும் அப்பப்பாவும் ‘இஃப்’ வாக்கியங்களைச் சொல்லிப் பழகலாம். பதிலுக்குப் ‘போனால்’, ‘போயிருந்தால்’ என்ற சொற்களைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கலாம். இரண்டு மொழியும் அதே மேசையில் வளரும்.