உயிர் பிழைத்த பிறகு

ஆறாத மூக்கடைப்பு, மூக்குக்குள் இரத்தப் பொருக்கு, காதுவலி. தொடக்கம் இவ்வளவுதான். பிறகு இருமினால் இரத்தம் வரும். சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே சிறு இரத்தக் குழாய்களைத் தாக்கிப் புண்ணாக்கும் இந்த நோயை 1930களில் ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் வெக்னர் விவரித்தார். நெடுங்காலம் ‘வெக்னர் நோய்’ என்றே வழங்கியது. இன்று ஜிபிஏ என்கிறார்கள்.

அன்று, நோயைக் கண்டுபிடித்தாலும் கையில் மருந்து இல்லை. 1958இல் பிரிட்டனில் வால்டன் தொகுத்த கணக்கில், நோயாளிகள் சராசரியாக வாழ்ந்தது 5 மாதம். ஓராண்டுக்குள் 82 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள்.

1970களில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆன்டனி ஃபௌச்சியும் ஷெல்டன் உல்ஃபும் புற்றுநோய் மருந்தான சைக்ளோபாஸ்பமைடைக் குறைந்த அளவில், ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தினமும் கொடுத்தார்கள். 1983இல் வெளியான முடிவில் 85 பேரில் 93 விழுக்காட்டினருக்கு நோய் முற்றிலும் தணிந்திருந்தது. சாவின் வாசலிலிருந்து மனிதர்கள் வீடு திரும்பினார்கள்.

ஆனால் பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது வேறொரு துயரம் தெரிந்தது. அதே நிறுவனத்தின் 1992 அறிக்கையில் 158 பேர். பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. 42 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே நிரந்தரப் பாதிப்பைத் தந்திருந்தது: சிறுநீர்ப்பைப் புற்றுநோய், குழந்தைப்பேறின்மை, எலும்புமுறிவு.

இன்றைய மருத்துவம் இந்தச் சுமையை இறக்கிவைக்கப் பாடுபடுகிறது. 2010இல் வந்த இரு ஆய்வுகள், ரிடுக்சிமாப் ஊசி சைக்ளோபாஸ்பமைடுக்கு ஈடாக வேலை செய்வதைக் காட்டின. 704 பேர் பங்கேற்ற 2020 ஆய்வு, ஸ்டீராய்டை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தாலும் பலன் குறையவில்லை, கடும் தொற்றுகள்தான் குறைந்தன என்றது. நோயைக் கண்டறிய 1985 முதல் ‘ஆன்கா’ இரத்தப் பரிசோதனையும் துணை நிற்கிறது.

நம் ஊரில் மிச்சமிருக்கும் ஆபத்து, தாமதம். சளியில் இரத்தம், நுரையீரலில் ஓட்டை என்றால் காசநோய் என்றே முதலில் நினைப்போம். அது இங்கே நியாயமும்கூட. ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்தும் கேட்கவில்லை என்றால் சிறுநீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதில் இரத்தமும் புரதமும் தென்பட்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. நோயைத் தணிக்க இன்று மருந்து உண்டு. தழும்பேறிப்போன சிறுநீரகத்தை மீட்க இன்றும் இல்லை.