நீர்த்தொட்டிச் செடிகளைச் சிறு செலவிற் பெருக்குதல்

மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளுக்கு அழகூட்டும் நீர்ச்செடிகள் இலங்கையிலிருந்து பிறநாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றன. வீட்டுக் கிணற்றடியில் சிறிது நிழலும் நல்ல நீரும் உடைய கமக்காரர் எவரும் இவற்றைச் சிறு செலவிற் பெருக்கலாம். ஆயினும், எளிதிற் பெருகும் செடி வாய்க்காலில் விழுந்தால் வயலுக்குக் களையாகவும் கூடும். ஆதலின் ஏற்ற செடியைத் தெரிவதோடு, அதனைத் தொட்டிக்குள் அடக்கி வைப்பதிலும் கவனம் வேண்டும்.

செடிகளைத் தெரிதல்

தொடங்குவோர் தண்டினாலும் ஓடியினாலும் பெருகும் பின்வரும் மூன்றினை மேற்கொள்ளல் நன்று.

1. நீர்ப்பிரமி: ஈரநிலத்திலும் நீருள்ளும் வளரும். நுனியோடு கூடிய 4 அங்குலத் தண்டை நறுக்கி, கீழ்க்கணுக்களின் இலைகளைக் களைந்து நட்டால் கணுக்களில் வேர் விடும். நறுக்கிய அடித்தண்டும் மீண்டும் துளிர்க்கும்.

2. வலிசுனேரியா: நாடா போன்ற இலைகளையுடையது. மண்ணின் மீது ஓடிகளை விட்டுச் சேய்ச்செடிகளைத் தரும். சேய்ச்செடி வேரூன்றி நாலைந்து இலைகள் விட்ட பின்னரே ஓடியை அறுக்க வேண்டும். சற்றுக் கடினமான கிணற்று நீரையும் இது தாங்கும்.

3. கிரிப்டோகொரைன்: இதன் வெண்டியை என்னும் இனம் இலங்கைக்கே உரியது. நிழலில், எப்பொழுதும் ஈரமான சேற்றுமண்ணில், இலைகள் நீருக்கு மேலே நிற்க வளர்க்கலாம். இடம் மாற்றி நட்டதும் இலைகள் கரைந்து போதல் உண்டு. அதைக் கண்டு செடியைப் பிடுங்கி எறியலாகாது. வேர்த்தண்டு உறுதியாக இருப்பின் புதிய இலைகள் தோன்றும்.

தாய்ச்செடிகளை நாற்றுமேடை வைத்திருப்போரிடம் வாங்குக. ஓடைகளிற் பிடுங்குதல் தகாது. இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் இனங்கள் சில இயற்கையில் அருகி வருகின்றன.

தொட்டியும் மண்ணும்

பழைய பிளாத்திக்குத் தாழிகளே தொடக்கத்திற்குப் போதும். புதுச் சீமெந்துத் தொட்டியாயின் நீரை நிரப்பிப் பலமுறை மாற்றி, சுண்ணக்காரம் நீங்கிய பின் நடவேண்டும். அடியில் 2 அங்குலக் களிமண்ணும் அதன்மேல் 1 அங்குலம் கழுவிய ஆற்றுமணலும் பரப்புக. பச்சைச் சாணம் இடலாகாது. நீர் நாறிப் பாசி மிகும். வலிசுனேரியாவும் கிரிப்டோகொரைனும் குருத்தடி மண்ணில் மூடப்படாதவாறு நடப்படவேண்டும்.

உவர்நீர் ஆகாது. அத்தகைய கிணறுள்ள இடங்களில் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தலாம். களைகொல்லி தெளித்த வயலின் நீரை எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் விடலாகாது. கடும் வெயிலைத் தடுக்கக் கிடுகுப் பந்தல் போதும். நீர் தேங்கும் தொட்டி ஒவ்வொன்றிலும் சில கப்பி மீன்களை விட்டால் அவை நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். மேலே நீர் நில்லாத சேற்றுத் தட்டுகளிலும் பள்ளங்களில் நீர் தேங்காதவாறு பார்த்துக்கொள்க.

வாய்க்காலைக் காத்தல்

ஐக்கோர்னியா எனப்படும் ஆகாயத்தாமரை அதன் மலரழகிற்காகவே இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. அது நீர்நிலைகளை அடைத்தமையால் 1909 இல் அதனை ஒழிப்பதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. 1939 இல் வந்த சல்வீனியாவும் குளங்களையும் நெல்வயல்களையும் மூடியது. அதனைத் தின்னும் சிறு வண்டினத்தை 1980களிற் பிறநாட்டிலிருந்து கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. இரண்டுமே சிறு துண்டிலிருந்தோ ஒரு செடியிலிருந்தோ பரவியவை. இவ்விரண்டையும் அழகிற்காகவும் தொட்டியில் வைக்கலாகாது.

எனவே நறுக்கிய கழிவுகளையும் மிகுந்த செடிகளையும் வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே கூட்டெருக் குழியில் இடுக. தொட்டி நீரை வாய்க்காலில் ஊற்றாது, துணியால் வடித்துத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுக. மழைவெள்ளம் புகும் பள்ளத்தில் தொட்டியை அமைக்கலாகாது.

செலவு

முதலிற் கடன்பட்டு முயலவேண்டியதில்லை. இனத்திற்கு இரண்டு மூன்று தாய்ச்செடிகளும் இரண்டு தாழிகளும் கொண்டு தொடங்கி, அவை பெருகும் அளவை அறிந்து, வாங்குவோரையும் உறுதி செய்துகொண்டு விரிவாக்குவதே தக்கது. நெல்லும் மரக்கறியும் தரும் வருவாயோடு இது சிறு துணை வருவாயாகும். அதன்பொருட்டு வயலுக்கு நீர் தரும் வாய்க்கால் கெடுதல் கூடாது.