நீண்ட துடுப்பா, குட்டைத் துடுப்பா?

சிலாபத்துறையில் அன்று முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கினார்கள், காலில் ஒன்றுமில்லை. இன்று மூச்சடக்கிச் சங்கெடுக்கும் சகோதரர்களுக்குக் காற்துடுப்பு வேண்டியிருக்கிறது. எதை வாங்குவது?

மூன்று நான்கு பாகத் தண்ணீருக்குக் குட்டைத் துடுப்பே போதும். பார்க் கற்களுக்கிடையில் திரும்பவும், வள்ளத்தில் ஏறவும் இலகு. அதற்குக் கூடிய ஆழத்துக்கு நீண்டது நல்லது. ஒரு மிதியிலேயே அதிக தூரம் தள்ளும். ஆனால் விறைப்பான தகடுதான் வேகம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அது தொடையைக் களைக்கச் செய்யும். களைத்த தொடை உள்ள பிராணவாயுவையும் தின்றுவிடும்.

காபன் துடுப்பு இலேசானது. விலையோ அதிகம், கல்லில் மோதினால் வெடித்தும் போகும். பிளாஸ்ரிக் சற்றுப் பாரம், ஆனால் அடி தாங்கும். எமது கற்பாருக்கு அதுவே போதும் என்போம். பாதம் இறுகினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

நீண்ட துடுப்பு ஆழத்துக்குக் கொண்டுபோகும், மூச்சைக் கூட்டித் தராது. மயக்கம் பெரும்பாலும் அடியில் அல்ல, மேலே வரும் கடைசிச் சில மீற்றரிலும் தலை வெளியே வந்த கணத்திலுமே வருகிறது. ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலே நின்று அவரையே பார்த்திருக்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப்போல் இருமடங்காவது மேலே இளைப்பாறிய பிறகே மறுபடி இறங்குங்கள்.