லீவுக்கு வேடந்தாங்கல் போறீங்களா? குட்டிப் பிள்ளை காலை வச்சு தூரத்தை அளங்க!

செங்கல்பட்டு:

அரையாண்டு பரீட்சை முடிந்தால் போதும், வீட்டில் குழந்தைகளின் நச்சரிப்பு தொடங்கி விடும். 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க' என்பார்கள். தீம் பார்க், மால் என்று போனால் ஒரு வார சம்பளம் ஒரே நாளில் காலி. அதிகம் செலவு இல்லாமல், குழந்தைகளோடு காலாற நடந்து வர சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. அதுதான் மதுராந்தகம் அருகே உள்ள வேடந்தாங்கல்.

சென்னையில் இருந்து சுமார் 80 கி.மீ. தூரம். மலை ஏற்றம் இல்லை, பாறை இல்லை. மரநிழலில் ஏரிக்கரை மீது நேராக நடந்தால் போதும். ஆனாலும், பிளான் போடாமல் போனால் ஜாலி டூர், அழுகை டூராக மாறி விடும்.

200 ஆண்டு காவல்

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நவம்பரில் இருந்து மார்ச் வரை பறவைகள் கூட்டம் கூட்டமாக இங்கு தங்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டி குஞ்சு பொரிக்கும்.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதனால் ஊர் மக்களே பறவைகளுக்கு காவல். பறவைகளைச் சுடக் கூடாது என்று 1790களிலேயே வெள்ளைக்கார கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்குக்கூட இங்கு பட்டாசு சத்தம் கேட்காது. 2022ல் 'ராம்சார்' பட்டியலிலும் இந்த ஏரி சேர்ந்தது. குழந்தைக்குச் சொல்ல இதை விட நல்ல கதை வேண்டுமா?

எப்போது போகணும்?

உச்சி வெயிலில் போனால் பாதிப் பறவை இரை தேடப் போயிருக்கும், குழந்தையும் வாடிப் போகும். காலையில் சீக்கிரம் போகலாம். இல்லாவிட்டால் மாலை 3.30 மணிக்கு மேல் போகலாம். சாயங்காலம் பறவைகள் கூட்டுக்குத் திரும்பும்போது வானமே நிறைந்து இருக்கும்.

செங்கல்பட்டு வரை மின்சார ரயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்சில் போகலாம். வேடந்தாங்கலுக்கு பஸ் அடிக்கடி கிடையாது. இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் பஸ் நேரத்தை கேட்டு வச்சுக்கோங்க. மழை பொய்த்த வருஷம் என்றால், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என்று விசாரித்து விட்டு கிளம்புவது நல்லது.

போற தூரம் பாதி, வர்ற தூரம் பாதி

பெரியவர்கள் செய்யும் தவறு, தங்கள் காலை வைத்து தூரத்தை கணக்கு போடுவதுதான். 3 வயசு பிள்ளைக்கு அரை கிலோ மீட்டரே பெரிய தூரம். அதுவும் எறும்பைப் பார்க்கும், கல்லைப் பொறுக்கும், உட்காரும். நமக்கு 10 நிமிஷம் என்றால் அதற்கு அரை மணி நேரம்.

வீட்டில் எந்தப் பிள்ளை சின்னதோ, அதன் நடைதான் மொத்த குடும்பத்துக்கும் நடை. 'கால் வலிக்குது, தூக்கு' என்று சொன்ன பிறகு திரும்பினால் லேட். அங்கிருந்து முழு தூரமும் இடுப்பில் தூக்கித்தான் வரணும். குழந்தை துள்ளிக் கொண்டு இருக்கும்போதே திரும்பி விடுவதுதான் புத்திசாலித்தனம். கரையின் கடைசி வரை போய்த்தான் ஆகணும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

சும்மா நடக்கச் சொன்னால் குழந்தைக்கு போரடிக்கும். 'வாய் கரண்டி மாதிரி இருக்கிற பறவை எங்கே? தொண்டையில பை தொங்குற பறவை எங்கே?' என்று தேட விடுங்க. கத்தினால் பறவை பறந்து விடும் என்று சொன்னால், வாலுப் பிள்ளைகூட ரகசியக் குரலில் பேசும்.

பையில் என்ன?

ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தொப்பி, ஒரு செட் மாற்று டிரஸ், பிஸ்கட், வாழைப்பழம். புது செருப்பு வேண்டாம், கடிக்கும். காலை மூடுகிற பழைய ஷூவும் முழு பேன்ட்டும் போதும். குரங்கு இருக்கும் இடத்தில் தின்பண்டத்தை கையில் கொடுக்காதீங்க, பிடுங்கும்போது கீறி விடும்.

குரங்கோ நாயோ கடித்தாலும், கீறினாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி தடுப்பூசி போடணும். பாம்பு கடித்தால் கட்டு போடாமல், கீறாமல், குழந்தையை நடக்க விடாமல் 108க்கு போன் போடுங்க.

ஏரி நிறைஞ்சிருக்கு, உஷார்!

முக்கியமான விஷயம் இதுதான். பறவை வருவது ஏரி நிறைந்த பிறகுதான். அதாவது, பறவை சீசனும் ஆபத்தான சீசனும் ஒன்று. வேடந்தாங்கலில் யாரும் தண்ணீரில் இறங்குவது இல்லை. ஆனால் திரும்பும் வழியில் வேறு ஏதாவது ஏரியைப் பார்த்து, 'கொஞ்ச நேரம் கால் நனைச்சிட்டுப் போலாம்' என்று இறங்கும்போதுதான் விபரீதம் நடக்கிறது.

மண் எடுத்த பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் அளவு நிற்கும் பிள்ளை, அடுத்த அடியில் ஆளை முழுங்கும் ஆழத்துக்குப் போய் விடும். மூழ்கும் குழந்தை சினிமாவில் காட்டுவது போல் கத்தாது. சத்தமே இல்லாமல் உள்ளே போய் விடும். போட்டோ எடுக்கிற நேரம் போதும்.

அதனால் தண்ணீர் பக்கம் போனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பேசி வச்சுக்கோங்க. 'நீ பார்த்துப்பேன்னு நான் நினைச்சேன்' என்ற பேச்சுக்கு இடம் வரக் கூடாது.

யாராவது தவறி விழுந்தால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. சேலை, வேட்டி, கயிறு, காலி கேன் எது கிடைத்தாலும் வீசணும். வெளியே எடுத்த குழந்தையை தலைகீழாக சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தப்பு. மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதணும், நெஞ்சை அழுத்தி விடணும். 108 வரும் வரை நிறுத்தக் கூடாது.

இருட்டும் முன் பஸ் ஏறி விட்டால், வீடு சேரும் வரை குழந்தை மடியில் தூங்கிக் கொண்டு வரும். அடுத்த வருஷம் கொஞ்சம் கூடுதல் தூரம் தானே நடக்கும்.