பாதை மாறிய கிட்டார் வீரர்! ரசிகர்கள் சொன்ன தீர்ப்பு என்ன?

1990-ம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் இசைத்தட்டுக் கடைகளுக்குப் புதிய தொகுப்பு ஒன்று வந்தது. அதன் அட்டையில் ஒரு சிறுவனின் படம். தன் அறையில், கையில் கிட்டாருடன் உட்கார்ந்திருக்கிறான்.

தொகுப்பின் பெயர் "ஸ்டில் காட் தி புளூஸ்". "என் நெஞ்சில் இன்னும் அந்தச் சோகம் இருக்கிறது" என்பது அதன் கருத்து.

கிட்டார் வாசித்துப் பாடியிருந்தவர் கேரி மூர். அப்போது அவருக்கு வயது 37.

அவருடைய ரசிகர்கள் திகைத்தார்கள். காரணம், கேரி மூர் அதிரடி வாசிப்புக்குப் பெயர் போனவர். மின்னல் வேகத்தில் விரல்கள் ஓடும். மேடை அதிரும். ராக் என்று சொல்லப்படும் அந்த இசையில் அவர் ஒரு சூரர்.

அப்படிப்பட்டவர் திடீரென்று நிதானமான சோகப் பாட்டுக்கு வந்துவிட்டார். இது சரியா? ரசிகர்களிடையே விவாதம் கிளம்பியது.

கேரி மூர் யார்?

கேரி மூர் 1952-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி வட அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆனாலும் வலது கைக்காரர்களைப் போலவே கிட்டாரைப் பிடித்து வாசிக்கக் கற்றார்.

16 வயதில் வீட்டை விட்டு டப்ளின் நகருக்குப் போனார். "ஸ்கிட் ரோ" என்ற இசைக்குழுவில் சேர்ந்தார். பிறகு "தின் லிஸி" என்ற புகழ் பெற்ற குழுவிலும் வாசித்தார். 1979-ம் ஆண்டு அவருடைய "பாரிசியன் வாக்வேஸ்" என்ற பாட்டு, இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 8-வது இடம் பிடித்தது.

அதன்பின் பத்து ஆண்டுகள் ராக் இசையே அவர் தொழிலாக இருந்தது.

புளூஸ் என்றால் என்ன?

புளூஸ் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த இசை. அதைப் படைத்தவர்கள் கறுப்பு இன மக்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். பருத்திக் காட்டில் பாடுபட்டார்கள். வறுமையையும் பிரிவையும் அவமானத்தையும் பாட்டாகப் பாடினார்கள்.

அதன் அமைப்பு எளிமையானது. பெரும்பாலும் 12 தாளக் கட்டுகள், மூன்று சுரக் கூட்டுகள், அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஆனால், உயிர் இருப்பது சுரத்தை வளைப்பதில்! வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது போல, கிட்டார் தந்தியை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளுவார்கள். சுரம் மெல்ல ஏறும். கேட்பவர்களுக்கு ஒரு மனிதன் விம்முவது போல இருக்கும்.

1960-களில் இங்கிலாந்து வாலிபர்கள் இந்த இசையில் மயங்கினார்கள். மின்சாரக் கிட்டாரில் உரக்க வாசித்து ராக் இசையோடு கலந்தார்கள். 1966-ம் ஆண்டு ஜான் மேயால் குழுவுடன் எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டு, பல வாலிபர்களைக் கிட்டார் எடுக்க வைத்தது. பெல்பாஸ்ட் சிறுவன் கேரி மூரும் அதில் மயங்கினான்.

குரு கொடுத்த கிட்டார்

கிளாப்டன் விலகிய பின் அந்த இடத்துக்கு வந்தவர் பீட்டர் கிரீன். பிறகு "பிளீட்வுட் மேக்" என்ற குழுவைத் தொடங்கியவரும் இவரே. கேரி மூர் அவரைக் குருவாக மதித்தார்.

ஸ்கிட் ரோ குழுவின் கச்சேரியில் இந்த வாலிபனின் வாசிப்பைக் கேட்ட பீட்டர் கிரீன் வியந்தார். குழுவுக்கு இசைத்தட்டு ஒப்பந்தம் கிடைக்க உதவினார். பின்னர் 1959-ம் ஆண்டில் செய்யப்பட்ட தம் கிட்டாரையே கேரி மூருக்குக் கொடுத்தார்.

என்ன விலை? "உன் பழைய கிட்டாரை விற்றால் என்ன கிடைக்குமோ, அதைக் கொடு, போதும்" என்பதே அவர் கேட்ட விலை!

ஆகவே, கேரி மூருக்கு புளூஸ் புதிது அல்ல. அது பிள்ளைப் பருவத்துக் காதல். ராக் கச்சேரிகளுக்கு முன் உடை மாற்றும் அறையில் அவர் தனியாக புளூஸ் வாசிப்பது வழக்கம். அதைக் கேட்ட உடன் வாசிப்பவர் பாப் டெய்ஸ்லி, "இதையே ஒரு முழுத் தொகுப்பாகச் செய்யலாமே" என்று யோசனை சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் 1990-ம் ஆண்டுத் தொகுப்பு. அட்டையில் இருந்த சிறுவன் யார் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

மூன்று விதமான கருத்து

ரசிகர்கள் மூன்று பிரிவாக நின்றார்கள்.

முதல் பிரிவினர் பழைய ராக் ரசிகர்கள். வேகம் எங்கே, இடி முழக்கம் எங்கே என்பது அவர்களுடைய குறை. தங்கள் வீரனை இழந்துவிட்டதாகச் சிலர் வருந்தினார்கள்.

இரண்டாவது பிரிவினர் பழமையான புளூஸில் ஊறியவர்கள். அவர்களுடைய குறை இதற்கு நேர் எதிரானது. சத்தம் மிக அதிகம், சுரங்கள் மிக அதிகம் என்றார்கள். துன்பப்பட்ட கறுப்பு மக்களின் இசையை, பெல்பாஸ்டில் பிறந்த வெள்ளைக்காரர் பாடலாமா என்ற கேள்வியும் இருந்தது. இது லேசான கேள்வி அல்ல. அந்த இசையைப் படைத்த பலர் ஏழைகளாகவே இறந்தார்கள். அதைக் கற்றுக்கொண்ட வெள்ளை வாலிபர்களோ செல்வந்தர் ஆனார்கள்.

மூன்றாவது பிரிவினர் சாதாரண மக்கள். அவர்களுக்கு ராக் இலக்கணமும் தெரியாது, புளூஸ் வரலாறும் தெரியாது. தொகுப்பின் பெயரைத் தாங்கிய பாட்டைக் கேட்டார்கள். காதலை இழந்தவனின் பாட்டு அது. கிட்டார் அழுதது. கேட்டவர்களின் மனமும் கரைந்தது.

வெற்றி பெற்றது மூன்றாவது பிரிவுதான்! இங்கிலாந்தில் தொகுப்பு 13-வது இடம் பிடித்தது. அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்கு உரிய தங்கத் தட்டு கிடைத்தது. கேரி மூரின் வாழ்நாளில் மிக அதிகமாக விற்ற தொகுப்பும் இதுவே.

பெரியவர்கள் வந்தார்கள்

இரண்டாவது பிரிவினரின் கேள்விக்கு கேரி மூர் வாயால் பதில் சொல்லவில்லை. மூத்த கலைஞர்களைத் தம்முடன் வாசிக்க அழைத்தார்.

ஆல்பர்ட் கிங் வந்தார். அவர் 1923-ம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பு இனக் கலைஞர். அவரும் இடது கைக்காரரே! ஆனால், அவர் வலது கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிப்பவர். இன்னொரு மேதையான ஆல்பர்ட் காலின்சும் வந்தார். 1992-ம் ஆண்டு வெளிவந்த அடுத்த தொகுப்பில், புளூஸ் மன்னர் என்று உலகம் போற்றிய பி.பி. கிங் வாசித்தார். அது இங்கிலாந்தில் 4-வது இடம் வரை போனது.

இந்தப் பெரியவர்களின் பெயரையே கேட்டறியாத இளம் ரசிகர்கள் பலர், கேரி மூர் வழியாக அவர்களைத் தெரிந்துகொண்டார்கள்.

1995-ம் ஆண்டு, குரு பீட்டர் கிரீனின் பாட்டுகளை மட்டும் வாசித்து ஒரு தொகுப்பைக் காணிக்கையாக வெளியிட்டார்.

ரசிகர்கள் கைவிட்டபோது

பிறகு கேரி மூருக்கு மீண்டும் மாற்றம் தேவைப்பட்டது. 1997-ம் ஆண்டு "டார்க் டேஸ் இன் பாரடைஸ்" என்ற தொகுப்பை வெளியிட்டார். அந்தக் காலத்து இளைஞர்கள் விரும்பிய எந்திரத் தாளங்களை அதில் சேர்த்தார். கிட்டாரைக் குறைத்தார்.

புளூஸ் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். தொகுப்பு இங்கிலாந்துப் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை. 1999-ம் ஆண்டு அதே வழியில் இன்னொரு முயற்சி செய்தார். அதுவும் எடுபடவில்லை.

2001-ம் ஆண்டு அவர் திரும்பி வந்தார். அந்தத் தொகுப்பின் பெயரே "பேக் டு தி புளூஸ்", அதாவது "மீண்டும் புளூசுக்கு"!

இங்கேதான் ரசிகர்களின் பலம் தெரிகிறது. 1990-ல் அவர்கள் ஒரு கலைஞனின் துணிச்சலை வாழ்த்தினார்கள். 1997-ல் அதே துணிச்சலை அவர்கள் ஏற்கவில்லை. முதலில் பாதை மாறியதற்குப் பாராட்டு; மறுபடி மாறியதற்குப் புறக்கணிப்பு. ரசிகர்களின் அன்பு கலைஞனுக்குச் சிறகும் ஆகிறது, விலங்கும் ஆகிறது.

கோர்ட்டுக்குப் போன பாட்டு

புகழ் தந்த பாட்டே வழக்கையும் தந்தது. அதன் கிட்டார்ப் பகுதி, 1974-ம் ஆண்டில் "ஜட்ஸ் கேலரி" என்ற ஜெர்மன் குழு வாசித்த "நோர்ட்ராக்" என்ற பாட்டை ஒத்திருப்பதாக வழக்கு வந்தது. அந்தப் பாட்டைத் தாம் கேட்டதே இல்லை என்றார் கேரி மூர். ஆனால், 2008-ம் ஆண்டு மியூனிக் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு அளித்தது. வேண்டுமென்று எடுத்தாரா, இல்லையா என்பது முக்கியம் அல்ல என்பது கோர்ட்டின் கருத்து. பின்னர் இரு தரப்பினரும் சமாதானம் ஆனார்கள்.

கடைசி மாற்றம்

2010-ம் ஆண்டு கேரி மூர் மறுபடியும் பழைய ராக் பாட்டுகளை மேடையில் வாசித்தார். 20 ஆண்டுகளுக்கு முன் ஏமாந்த முதல் பிரிவு ரசிகர்களுக்கு அப்போது மகிழ்ச்சி!

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2011-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, விடுமுறைக்காக ஸ்பெயின் நாட்டுக்குப் போயிருந்த கேரி மூர், ஓட்டல் அறையில் தூக்கத்திலேயே காலமானார். வயது 58.

குரு கொடுத்த கிட்டாரை அவர் 2006-ம் ஆண்டிலேயே விற்றிருந்தார். 2014-ம் ஆண்டு அதை "மெட்டாலிக்கா" குழுவின் கிர்க் ஹேமெட் வாங்கினார். அவர் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. மேடைக்கு எடுத்து வந்து வாசித்தார். பீட்டர் கிரீன் கையில் பேசிய கிட்டார், கேரி மூர் கையில் அழுத கிட்டார், மூன்றாவது கலைஞரின் கையிலும் ஒலித்தது.