தொடக்கநிலைச் சமையல் நூலும் முப்பது வருடக் கைப்பக்குவமும்



நூல் மதிப்பீடு எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் கடைசியில் ஒரே வாக்கியத்தில் போய் நிற்பார்கள்: "இந்நூல் சிறியோர் முதல் பெரியோர் வரை அனைவருக்கும் பயன்படும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதில் மதிப்பீடு எங்கே? எல்லாருக்கும் பயன்படும் என்று எழுதிவிட்டால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற கேள்விகளுக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது.

அதனால் இந்த முறை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சமையல் கற்பவர்களுக்காக எழுதிய புத்தகம், முப்பது வருடமாக அடுப்படியில் நிற்கும் ஓர் அம்மாவுக்குப் பொருந்துமா? படிவம் 4, 5 மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' நூலைப் பார்ப்போம். 1951-இல் சென்னையில் வெளிவந்தது. உறவுக்காரப் பெண்கள் அவரிடம் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைப் புத்தகமாகவே எழுதிவிடு என்று உறவினர் ஒருவர் ஊக்கப்படுத்தினார். அப்படிப் பிறந்த நூல் பின்னர் பல பாகங்களாக வளர்ந்து, ஆங்கிலத்திலும் வந்தது. கல்யாணமாகி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன பெண்களின் பெட்டியில் இந்தப் புத்தகமும் போனது. அதாவது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க அம்மாவோ பாட்டியோ இல்லாதவர்களுக்கான நூல். தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

சரி, இதை அனுபவசாலியின் கையில் கொடுத்தால்?

முதலில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பதார்த்தத்தின் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ரசம் என்று வைத்துக்கொள்வோம். புளிக் கரைசல் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும், பருப்புத் தண்ணீர் சேர்த்தபின் நுரை கட்டியதும் இறக்க வேண்டும். இதெல்லாம் அவர் கை தினமும் செய்கிற வேலை. இந்தப் பக்கத்தில் அவருக்குப் புதுசாக ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் இந்தச் சோதனை தேவை. தெரிந்த பதார்த்தத்தை நூல் எப்படி விளக்குகிறது என்று பார்த்தால்தான், தெரியாததில் அதை நம்பலாமா என்று முடிவு செய்ய முடியும். "சிறிது நேரம் கொதிக்க விடவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிக்கை குறையும். "நுரை கட்டியதும்" என்று அடையாளம் சொல்லியிருந்தால், எழுதியவர் அடுப்பருகே நின்றவர் என்று அர்த்தம்.

அடுத்து அவர் அதிகம் செய்யாத ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு மட்டும் செய்கிற அதிரசம் நல்ல சோதனை. மீன் குழம்பில் கைதேர்ந்தவர்கூட வெல்லப்பாகு என்றால் கொஞ்சம் தயங்குவார். பாகை ஒரு துளி தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரவேண்டும். பதம் முந்திவிட்டால் அதிரசம் எண்ணெயில் பிரியும், பிந்திவிட்டால் கடினமாகிவிடும். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே மாவாக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை செய்வது கையில் தங்காது. இந்த இடத்தில் முப்பது வருட அனுபவசாலியும் தொடக்கநிலை மாணவர்தான்! ஒருவர் மொத்தமாக அனுபவசாலி, மொத்தமாகப் புதியவர் என்று பிரிக்க முடியாது. பதார்த்தத்துக்குப் பதார்த்தம் அந்த நிலை மாறும்.

நம் ஊர் அம்மாக்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 'சமைத்துப் பார்' முழுக்கச் சைவ சமையல். கறியும் நெத்திலியும் தேங்காய்ப்பாலும் பழகிய ஜொகூர் அடுப்படிக்கு அதன் கூட்டு, பச்சடி வகைகள் பல புதுசாக இருக்கும். அடிப்படை நூல்தான், ஆனால் வேறொரு வீட்டின் அடிப்படை.

எனக்கு முக்கியமாகப் படுவது அளவுகள். "உப்பு எவ்வளவும்மா?" என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்று பதில் வரும். அவருக்கு அது போதும். கோலாலம்பூரில் படிக்கும் மகனுக்கோ சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளுக்கோ போதாது. கைப்பக்குவம் கையோடு நின்றுவிட்டால் அந்த வீட்டின் குழம்பும் அதோடு நின்றுவிடும். தொடக்கநிலை நூல் அனுபவசாலிக்குக் கொடுக்கும் பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து: தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க அளவும் சொற்களும் தருகிறது. அமெரிக்காவில் ஃபேன்னி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூல் புகழ்பெற்றதும் இதனால்தான். கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டி அளக்கச் சொன்னவர் அவர்.

மாணவர்கள் ஒன்று செய்யலாம். அம்மா சமைக்கும் முன் உப்பு டப்பாவைத் தராசில் வையுங்கள்; சமைத்தபின் மறுபடி வையுங்கள். குறைந்த எடைதான் அவருடைய "கண்ணளவு". மூன்று நாள் எழுதி வைத்து, நூலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அளவில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பழைய தமிழ்ச் சமையல் நூல்களில் ஆழாக்கு, பலம் என்ற கணக்கு வரும். 8 ஆழாக்கு 1 படி. 1 பலம் ஏறக்குறைய 35 கிராம். நம் பெரியவர்கள் பசாரில் சொல்லும் 'கட்டி' கணக்கு 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் போச்சு. "எலுமிச்சை அளவு புளி" என்பதும் அப்படியே. நம்ம ஊரில் லீமாவ் கஸ்தூரியும் இருக்கிறது, லீமாவ் நீப்பிசும் இருக்கிறது. எதன் அளவு? அனுபவசாலி யோசிக்காமல் சரியாக எடுத்துவிடுவார். புதியவர்தான் திணறுவார். தொடக்கநிலை நூலின் சில வரிகளை அனுபவம் உள்ளவர்தான் சரியாகப் படிக்க முடிகிறது என்பது வேடிக்கை. மாவு புளிக்கும் நேரமும் அப்படி. சென்னை மார்கழிக்கு எழுதிய நேரத்தை ஜொகூர் வெக்கையில் அப்படியே பின்பற்றினால் மாவு பொங்கி வழியும்.

பொருந்தாத நூல்களும் நிறைய உண்டு. பாதிப் பக்கங்கள் முட்டை அவிப்பது, சோறு வடிப்பது, மீதி வண்ணப்படங்கள்; காரணமும் சொல்லாது, அடையாளமும் சொல்லாது. அதை அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். விடுதிக்குப் போகும் தம்பிக்குக் கொடுங்கள், அவன் உருப்படியாக ஒரு வாரம் சாப்பிடுவான்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த வகை நூல்கள் வினைச்சொல் பாடத்துக்கும் நல்லா உதவும். வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பலருக்கு எல்லாமே "கோரெங் பண்றது"தான். வறுத்தல் எண்ணெய் இல்லாமலும் நடக்கும். வதக்கல் கொஞ்சம் எண்ணெயில், சுருளும் வரை. பொரித்தல் எண்ணெயில் மூழ்க. கடைதல், மசித்தல், கிளறுதல், தாளித்தல் என்று தொடர்ந்து போகலாம். ஒவ்வொன்றையும் செய்து காட்டச் சொன்னால் பின்வரிசைப் பையன்களும் எழுந்து வருவார்கள்.

பிறகு மதிப்பீட்டை எழுதச் சொல்லும்போது "அனைவருக்கும் பயன்படும்" என்ற வாக்கியத்தைத் தடை செய்துவிடுங்கள். பதிலாக இப்படி ஒன்று வரட்டும்: "அன்றாடக் குழம்பு, ரசம் பகுதிகள் என் தாயாருக்குத் தேவைப்படவில்லை, பலகாரப் பகுதியின் பாகுப் பதங்களும் அளவுப் பட்டியலும் தேவைப்பட்டன. ஆகவே இந்நூலை வாங்குவதைவிட நூலகத்தில் இரவல் பெற்று, அந்தப் பக்கங்களைக் குறிப்பெடுத்துக்கொள்வதே அவருக்குப் போதுமானது." வாங்கத்தான் வேண்டும் என்று ஒரு மாணவி முடிவு செய்தாலும் சரிதான். எந்தப் பக்கத்துக்காக என்று அவள் எழுதியிருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.